டாக்டரம்மாவின் நெற்றி

நெற்றியில் தடவிய களிம்பு வேலை செய்யத் தொடங்கியதும் புனிதவதிக்கு முதலில் காணாமல் போனவை புருவங்கள்தான். இருக்கின்றன என்று தெரிகிறது, ஆனால் தன்னுடையவையாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போகிற சாவி மாதிரி, கையில் இருக்கிறது, தன் கதவைத் திறக்காது. பிறகு இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கிற அந்த இரண்டு கோடுகள் போயின. போகட்டும், அதற்குத்தானே திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்தது. ஏசி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் திரை வெளிர்நீலம், அதற்குப் பின்னால் சித்திரை வெயில் இருந்தது, திரையைத் தாண்டி வரும்போது குளத்துக்கு அடியிலிருந்து பார்க்கிற வெளிச்சமாகிவிட்டது. மரத்துப் போகட்டும் மேடம், தொட்டுப் பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டு ஜெபா என்ற நர்ஸ் பெண் வெளியே போயிருந்தாள். தொடாதே என்று சொன்ன பிறகு கைக்கு வேறு நினைப்பே வராது. புனிதவதி இரண்டு கைகளையும் கோர்த்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது, இப்படித்தான் கிடப்பார்கள், அவளிடம் ஸ்கேனுக்கு வருகிற பெண்கள். வயிற்றின் மேல் கை, கண் கூரையில், காது மட்டும் பக்கத்தில். எத்தனையோ வருஷமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டூல் உயரத்திலிருந்து பார்க்கிற உலகம் வேறு, இது வேறு. இங்கிருந்து பார்த்தால் கூரை மிகவும் கிட்டத்தில் இருக்கிறது.

வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். ஐம்பத்தொரு வயசில் அழகு கேட்கிறது பார் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அழகு என்று நினைத்துக்கொண்டால்கூட நல்லதுதான், கௌரவமான காரணம். கணவர் சதாசிவத்திடம் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, டாக்டர் என்று வரவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று வாயில் வந்துவிட்டது. ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வந்து வரிசையில் நிற்கிறது. அதனால் டாக்டர் ஹசீனா, மகள் வயசுதான் இருக்கும், இவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தந்தாள். நெற்றியில் எந்தத் தசை சுருங்கி எந்தக் கோடு விழுகிறது, இந்த மருந்து அந்தத் தசையை எப்படித் தூங்கவைக்கிறது, தசை தூங்கினால் தோல் எப்படித் தானாகச் சமமாகிறது. ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், போட்ட இடம் கொசு கடித்தாற்போலத் தடித்து உடனே அமுங்கிவிடும். தலை கொஞ்சம் வலிக்கலாம், எங்காவது பொட்டளவு நீலம் பாரிக்கலாம், அபூர்வமாக யாருக்காவது இமை சற்று இறங்கும், அதுவும் நாளாவட்டத்தில் சரியாகிவிடும். இன்றைக்கே எதுவும் மாறியிருக்காது, அதை நினைத்து ஏமாந்துபோகாதீங்க, மூன்று நாலு நாளில் நெற்றி சொன்ன பேச்சைக் கேட்காது, முழுசாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும். மூன்று நாலு மாசம் நிற்கும், அப்புறம் தசை விழித்துக்கொள்ளும். புனிதவதி எல்லாவற்றுக்கும் முதல் தடவையாகக் கேட்கிறவளைப் போலத் தலையாட்டினாள். இரண்டு வாரம் என்கிற இடத்தில் மட்டும் தலை நின்றுவிட்டது, மனசு கணக்குப் போட்டது. இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி பாண்டிமீனா வருகிறாள். அஞ்சாம் மாச ஸ்கேன். சரியாக இருக்கும். அன்றைக்கு நெற்றி தூங்கிக்கொண்டிருக்கும், யாரும் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

திரை கொஞ்சம் அசைந்தது, வெளிச்சம் கூரையில் அலைந்தது. ஸ்கேன் திரையிலும் இப்படித்தான், முதலில் ஒன்றுமே இருக்காது, சாம்பல் நிறத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும், கையில் இருக்கிற கருவியை ஒரு நூல் நகர்த்தினால் பனிக்குள்ளிருந்து ஒரு முதுகெலும்பு எழுந்து வரும், பூத்தொடுத்தாற்போல வரிசையாக. இன்னொரு நூல், இதயம், நாலு அறையும் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் புனிதவதிக்கு உலகத்தில் வேறெதுவும் கிடையாது. பசி கிடையாது, முதுகுவலி கிடையாது. புருவம் தானாக நெருங்கிவிடும், உதடு இறுகிவிடும், சதாசிவம் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார், நீ கணக்குப் பார்க்கும்போது கொலைகாரி மாதிரி இருக்கிறாய் என்று. அது கோபம் இல்லை. பிரியம் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் பிரியத்துக்கு இப்படி ஒரு முகம் இருந்தால் யார் நம்புவார்கள். முன்பெல்லாம் பேசிக்கொண்டேதான் பார்ப்பாள். இதோ கை, இதோ விரலைச் சூப்புகிறது பார் என்று சொல்லுவாள். ஒருநாள் நல்லா உதைக்குதும்மா என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். உதைத்தால் ஆண்பிள்ளை என்று அந்தக் குடும்பம் முடிவுகட்டி, காத்திருந்தவர்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தது. லட்டு டப்பா அவள் மேசைக்கும் வந்தது. மேசைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் போர்டு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, சொல்வது குற்றம். வார்த்தையாலும் கூடாது, சைகையாலும் கூடாது. உண்மையில் அவளுக்கே தெரியாது, அந்த இடத்தை அவள் பார்ப்பதேயில்லை, கருவியை அங்கே நிறுத்தாமல் தாண்டிப் போகப் பழக்கியிருந்தாள். லட்டுக்குப் பிறகு வாயையும் மூடிக்கொண்டாள். வாயை மூடினால் கையைப் பார்த்தார்கள், எந்தக் கையால் சீட்டைக் கொடுக்கிறாள் என்று. கையைக் கட்டுப்படுத்தினால் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தை என்ன செய்வது, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டா வர முடியும்.

நெற்றி முழுக்கப் போய்விட்டது இப்போது. கண்ணுக்கு மேலே ஆளில்லாத ஒரு மொட்டைமாடி. பாண்டிமீனா நிலக்கோட்டைப் பக்கம், பூப்பறிக்கப் போகிறவள், விரல்களில் எப்போதும் பச்சை வாசனை இருக்கும். போன மாசம் மூன்றாம் மாச ஸ்கேனுக்குத் தனியாக வந்தாள். இதற்கு முன்னால் உண்டாகியிருந்தாயா என்று கேட்டதற்கு, ஒங்ககிட்டதான் மேடம் வந்தேன் என்றாள், போன வருஷம். புனிதவதிக்கு முகம் நினைவில்லை. எத்தனை வயிறுகள், முகங்கள் நிற்பதில்லை. ஆனால் பழைய படத்தை எடுத்துப் பார்த்ததும் அந்தக் குழந்தை நினைவுக்கு வந்துவிட்டது, திரும்பிப் படுத்துக்கொண்டு முதுகைக் காட்டாமல் அடம்பிடித்த குழந்தை, ஒரு பக்கத்துக் கிட்னி தெரியவேயில்லை, எவ்வளவு நேரம் அதைத் தேடினாள். கடைசியில் கிடைத்தது, இரண்டும் இருந்தன, நன்றாக இருந்தன. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒங்ககிட்ட பாத்துட்டுப் போன அந்த வாரமே கலைச்சிட்டாங்க மேடம் என்றாள் பாண்டிமீனா. அதற்குப் பிறகு சொன்னதைப் புகார் மாதிரிச் சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுகிற மாதிரிச் சொன்னாள். "அத்த பக்கத்துலயே நின்னாங்கள்ல, ஒங்க மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாங்க. பொட்டப்புள்ளன்னு."

கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் கிட்னியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தி அவள் நெற்றியில் பார்த்து முடித்துவிட்டாள். அவளுக்கே தெரியாததை அவள் நெற்றி சொல்லிவிட்டது. எங்கே வைத்துச் செய்தார்கள், யார் செய்தது, என்னை ஏன் கேட்கவில்லை என்று இவள் படபடத்தபோது அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாருகிட்டயும் சொல்லிறாதீங்க மேடம், என்னையத்தான் இழுப்பாங்க என்றாள். அஞ்சாம் மாசத்துக்கு அத்தையும் வரும் என்றாள். அன்றிலிருந்து புனிதவதிக்குக் கண்ணாடி ஆகாமல் போயிற்று. தலைவாரும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அத்தையை உள்ளே விடாதே என்று தன் ஸ்கேன் சென்டரில் இருக்கிற தங்கத்திடம் சொல்லிவிடலாம். சொன்னால், ஏன் விடவில்லை, எதையோ மறைக்கிறாள் என்று அதையும் படிப்பார்கள். வேறு டாக்டரிடம் அனுப்பலாம், அவருக்கும் ஒரு முகம் இருக்குமே. புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அந்தப் பெண் எந்த வாசலில் போய் நிற்பாள். கொடுக்காவிட்டால் இவள் எந்த முகத்தோடு அந்தப் போர்டுக்குக் கீழே உட்காருவது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும், கடைசியில் நெற்றியில் வந்து நிற்கும். வேறு எதையும் மாற்ற முடியாது, இந்த இரண்டு விரல் அகலத்தை மாற்றலாம். எங்கோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, அல்லது ஏசியாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் உள்ளே இப்படித்தான் கேட்கும் என்பார்கள், எல்லாமே தூரத்தில், எல்லாமே தண்ணீருக்கு வெளியே.

டாக்டர் ஹசீனா வந்து விளக்கைப் போட்டாள். ஜெபா களிம்பைத் துடைத்தாள், துடைப்பது வேறு யாருக்கோ நடந்தது. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "நல்லாக் கோபமா முறைங்க மேடம், தசை எங்க இழுக்குதுன்னு பார்க்கணும்" என்றாள் ஹசீனா. கோபம் வரவில்லை. யாரைக் கோபிப்பது, இந்தக் குளிர்ந்த அறையில். சரி, கிட்னியைத் தேடுவோம் என்று நினைத்தாள். இடது பக்கம், முதுகெலும்புக்கு ஒட்டி, இன்னும் கொஞ்சம் கீழே. கண்ணாடியில் புருவங்கள் ஒன்றையொன்று நோக்கி நடந்தன, நடுவில் இரண்டு கோடும் குழிந்தன, மூக்கின் மேல்கூட ஒரு மடிப்பு விழுந்தது. யாரம்மா நீ என்று கேட்கத் தோன்றியது. இந்த முகத்தை யாராவது கட்டிலில் படுத்தபடி கீழிருந்து பார்த்தால் ஐயோ என்றுதான் நினைப்பார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்படியே இருங்க, அருமை என்று சொல்லி ஹசீனா வெள்ளைப் பென்சிலால் அந்த முகத்தின் மேல் புள்ளிகள் வைத்தாள், கோலத்துக்கு வைக்கிற மாதிரி.

முதல் ஊசி எறும்பு இல்லை, எறும்பு கடித்ததாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது மாதிரி. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏதோ நறநறவென்று, புது வேட்டி கிழிகிற மெல்லிய சத்தம், காதுக்குக் கேட்பதா எலும்புக்குக் கேட்பதா தெரியவில்லை. பிறகு ஹசீனா நின்றுவிட்டாள். ஊசி நெற்றிக்கு மேலே நிற்கிறது. ஹசீனா குனிந்து ஒரே இடத்தைப் பார்க்கிறாள். விளக்கை நகர்த்துகிறாள். மறுபடியும் பார்க்கிறாள். என்ன அது. புனிதவதி அவள் முகத்தைப் பார்த்தாள். ஹசீனாவின் நெற்றி சலவைக்கல்லாக இருந்தது, அவளும் போட்டுக்கொண்டிருப்பாள், அதில் ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை, நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒரு துரும்பு இல்லை. எங்கே குத்தினாள், எதில் பட்டது, இமையா, கண்ணா. படித்தவள்தானே நீ, நெற்றியில் கண்ணுக்கு ஆபத்தாக என்ன இருக்கிறது, வரிசையாகச் சொல்லு பார்க்கலாம். சொல்ல வரவில்லை. படிப்பெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் போல, மல்லாந்து கிடக்கிறவளுக்கு மேலே தெரிகிற முகம் ஒன்றுதான் எழுத்து, அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் அதைவிடப் பயங்கரம் வேறில்லை. மறைக்கிறாள், எதையோ மறைக்கிறாள். கோர்த்த விரல்கள் இறுகின, நகம் புறங்கையில் பதிந்தது. என்ன டாக்டர் என்று கேட்க வாயைத் திறந்தாள், கேட்டால் வேலையைக் கெடுத்துவிடுவோமோ என்று மூடிக்கொண்டாள். ஊசி அரை விரல் தள்ளி இறங்கியது, பிறகு இன்னொன்று, அவ்வளவுதான் மேடம், முடிஞ்சது.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஜெபா வைத்துக்கொண்டிருந்தபோது புனிதவதி கேட்டாள், நடுவில் நிறுத்தினீர்களே, எதற்கு என்று. ஹசீனா கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஒரு சின்ன ரத்தக்குழாய் தெரிந்தது, அதில் பட்டால் நீலம் பாரிக்கும், அதனால் தள்ளிப் போட்டேன் என்றாள், அதற்கென்ன என்கிற குரலில். இவ்வளவுதானா. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிக்கொண்டே செய்திருந்தால் இந்த நகக்குறி விழுந்திருக்காது. புனிதவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐஸ் ஜில்லுன்னு இருக்கா மேடம் என்றாள் ஜெபா. ஆமாம் என்றாள். இரண்டு வாரம் கழித்துத் தன் நெற்றியும் சலவைக்கல்லாகிவிடும், பாண்டிமீனா கீழிருந்து அதைப் பார்ப்பாள், இப்போது தான் பார்த்த மாதிரி. கோடு இருந்தால் கோட்டைப் படிப்பார்கள், இல்லாவிட்டால் இல்லாததைப் படிப்பார்கள். என்ன காரியம் செய்துவிட்டோம், பஸ் ஏறி வந்து, பொய் சொல்லி. ஊசி உள்ளே போயாயிற்று, திரும்ப எடுக்க முடியாது. அவளுக்கு உடனே பேச வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் வெளியே போனதும் எழுந்து உட்கார்ந்து, தங்கத்துக்கு போன் போட்டு, பாண்டிமீனாவின் நம்பரை வாங்கினாள்.

தண்ணி பிடிக்க வந்திருக்கேன் மேடம், சொல்லுங்க என்றாள் பாண்டிமீனா, குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில். பயந்துவிட்டாள் என்று குரலில் தெரிந்தது. புனிதவதி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு மளமளவென்று கொட்டினாள். அன்றைக்கு நான் முகத்தைச் சுருக்கியது கிட்னியைத் தேடியதற்குத்தான், வேறெதற்கும் இல்லை, ஆணா பெண்ணா என்று நான் பார்ப்பதேயில்லை, என் நெற்றியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நீ வருகிற அந்த வெள்ளிக்கிழமை என்ன பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், நீ பயப்படாதே, உன் அத்தைக்கும் கேட்கும்படி சொல்லுகிறேன். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குடத்தை நகர்த்தி வைத்திருப்பாள்.

"எனக்குச் சொல்லுங்க மேடம், கேட்டுக்கிறேன்" என்றாள் பாண்டிமீனா. குரல் தாழ்ந்திருந்தது. "அத்தைக்கு அதெல்லாம் சொல்லி ஆகாது. அவங்களப் பாத்து ஒரு தடவ சிரிச்சிருங்க, போதும்."

"சிரிச்சா?"

"பையன்னு நெனச்சுக்கிருவாங்க. நல்லாப் பாத்துக்கிருவாங்க. பெறகு எது பொறந்தாலும் எம் புள்ள, நான் பாத்துக்கிருவேன்."

"எனக்கே தெரியாதும்மா, நான் பாக்கவே மாட்டேன்னு சொல்றேன்ல."

"தெரியலைன்னாலும் சிரிக்கலாம்ல மேடம்" என்றாள் அவள். யாரோ கூப்பிட்டார்கள் போல, வச்சிர்றேன் என்று போனை வைத்துவிட்டாள்.

புனிதவதி போனை மடியில் வைத்தாள். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற வெளிச்சம் கால்மாட்டில் வந்து கிடந்தது. எதுவும் சொல்லாத முகம் ஒன்றைக் கேட்டு வந்தவளிடம் அந்தப் பெண் பொய் சொல்லத் தெரிந்த முகத்தைக் கேட்கிறாள். சைகையாலும் கூடாது என்று போர்டு இருக்கிறது. சிரிப்பு சைகையா. ஒருத்திக்கு மட்டும் சிரித்தால் சைகைதான், வருகிற எல்லோருக்கும் சிரித்துவிட்டால் அது என்ன. எல்லாக் குடும்பமும் லட்டு வாங்கப் போகும். போகட்டும், எல்லாரும் வாங்கினால் பிறகு எவளுக்கும் அதில் சேதி இருக்காது. ஆனால் அதற்குப் பல நாளாகும், பாண்டிமீனாவுக்கு அத்தனை நாள் இல்லை. குழந்தை பெண்ணாகப் பிறந்து, ஏமாந்துபோன அந்த அத்தை பிரசவ வார்டில் நின்று, அந்த டாக்டரம்மா சிரிச்சாளே என்று சொன்னால். சொல்லட்டும். குழந்தை அப்போது பிறந்திருக்கும், அழுதுகொண்டிருக்கும், எல்லோர் காதுக்கும் கேட்கிற மாதிரி. பயமாகத்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் சட்டத்துக்குள்ளேயே நடந்த கால், ஒரு சிரிப்புக்கு இப்படித் தயங்குகிறது. அதுவும் சிரிக்கவே தெரியாதவளுக்கு.

ஜெபா உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி விடுங்க மேடம், மருந்து நல்லாப் பிடிக்கும், வீட்டுக்குப் போய்ப் படுத்துறாதீங்க, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தே இருங்க என்றாள். புனிதவதி நெற்றியைச் சுருக்கவில்லை. அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, உதட்டைப் பிரித்து, கன்னத்தை மேலே தள்ளி, கண்ணிலும் கொஞ்சம் வரவைத்து, சிரித்தாள்.

ஜெபாவின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. "என்ன மேடம், போன்ல ஏதும் நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் புனிதவதி, சிரிப்பைக் கலைக்காமல்.